இருபத்தெட்டு நொடி

ஐந்தே காலுக்கு என்று சொல்லியிருந்தார்கள். லோகேஸ்வரி காந்திபுரத்தில் அன்னூர் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததிலிருந்தே மணி பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சை முடிவு வருகிற அன்று இருக்குமே அந்தக் குறுகுறுப்பு நெஞ்சுக்குள் இருந்துகொண்டேயிருந்தது, அதை அவள் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டாள். ஐந்தே காலுக்கு நாற்பதாயிரம் போன் அடிக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்காது, கணினி பிரித்துப் பிரித்து அனுப்பும், ஆறு மணிக்குள் முடிந்துவிடும் என்று விளம்பரக் கம்பெனியில் அவளுக்கு மேலே இருந்த நிவேதன் சார் விளக்கியிருந்தார். மத்தியானப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, டீ குடித்து, விளக்கு வைப்பதற்கு முன்னால் ஒரு அம்மா கொஞ்சம் உட்காருகிற நேரம் அது, அந்த நேரத்தைப் பிடிக்கிறவன்தான் மார்க்கெட்டிங் தெரிந்தவன் என்பார் அவர். நாற்பதாயிரம் பேரின் காதுக்குள்ளும் போய் உட்காரப்போவது லோகேஸ்வரியின் குரல், கோவில்பாளையம் லோகேஸ்வரியின் குரல், வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று தொண்டையைக் கனைப்பதற்குள் அடுத்த பெஞ்சுக்குக் கேள்வி போய்விடுமே, அவளுடைய குரல். நினைக்கச் சிரிப்பு வந்தது. ஆறு வார இன்டர்ன்ஷிப், இன்றோடு நாலு வாரம். கல்லூரியில் வேலைவாய்ப்பு அதிகாரி மேடையேறிச் சொன்னது காதிலேயே இருந்தது, சொன்னதை மட்டும் செய்கிறவர்கள் சான்றிதழோடு வருவார்கள், சொல்லாததையும் செய்கிறவர்கள் வேலைக் கடிதத்தோடு வருவார்கள். போன வருஷம் போன பதினோரு பேரில் ஒருத்திதான் கடிதத்தோடு வந்தாள். இந்த வருஷம் அந்த ஒருத்தி தானாகத்தான் இருக்க வேண்டும் என்று லோகேஸ்வரி முதல் நாளே முடிவு கட்டிவிட்டாள். அப்பா மில்லை விட்டு நின்று இரண்டு வருஷம் ஆகிறது, அம்மா தனியாக ஷிப்ட் போகிறாள், அந்தக் கடிதம் வந்தால் அம்மா நிற்கலாம். வேறெதற்கும் இல்லை, அதற்குத்தான். பஸ்ஸில் பாட்டுப்பெட்டி ரிப்பேர் போலிருக்கிறது, பாட்டு இல்லாத தனியார் பஸ்ஸை அவள் பார்த்ததேயில்லை, யார் இருமினாலும் கேட்டது. கணபதி நிறுத்தத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா ஏறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, துணிப்பையை மடியில் வைத்து, அதன்மேல் பட்டன் போன் ஒன்றை வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். கண்டக்டர், "துளசிமணியக்கா, குரும்பபாளையந்தானுங்?" என்றார். "வேற எங்க போறன்" என்றாள் அந்த அம்மா.

கிரைண்டர் விளம்பரம் அது. கல்லைக் கையால் தூக்க வேண்டாம், தானே சாயும். கம்பெனி முதலில் வைத்திருந்த பதிவில் ஒரு ஆண் குரல் கணீரென்று, வணக்கம், தமிழக இல்லத்தரசிகளே என்று தொடங்கும், நூற்றுக்கு எண்பது பேர் மூன்றாவது நொடியில் போனை வைத்துவிடுவார்கள், பின்னே, யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த எண்பதைக் குறைக்க யாராவது ஒரு யோசனை சொல்லுங்கள் என்று நிவேதன் சார் கேட்டபோது மற்ற இரண்டு இன்டர்ன்களும் இசை போடலாம், பரிசுக் குலுக்கல் போடலாம் என்று எதையோ சொன்னார்கள். லோகேஸ்வரிதான் சொன்னாள், எங்கம்மா ஒரே ஒரு போனைத்தான் வைக்கவே மாட்டாங்க சார், நான் பண்றதை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த அறையில் ஏதோ மாறிவிட்டது, நிவேதன் சார் எழுந்து நின்றுவிட்டார். சொல்லு, நீ போன் பண்ணா முதல்ல என்ன சொல்லுவ? அம்மா, நாந்தானுங். அவர் சென்னைக்காரர், அந்த ஙகரத்தை வாய்க்குள் போட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், இதை யாராலயும் எழுத முடியாது என்றார். பேர் சொல்லட்டுமா சார் என்று கேட்டாள். பேர் சொன்னா அது உங்க வீட்டுப் பொண்ணு, பேர் சொல்லலைன்னா அது எல்லார் வீட்டுப் பொண்ணும் என்றார் அவர். அப்போது அது எவ்வளவு புத்திசாலித்தனமாகப் பட்டது. நோட்டில்கூட எழுதிக்கொண்டாள். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க மெத்தையைச் சுவரில் சாத்திவைத்த சின்ன அறையில் பதினாலு தடவை பேசியும் வரவில்லை, நாடகத்தில் பேசுகிற மாதிரியே வந்தது, சரி, உங்கம்மாவுக்கே நிஜமா போன் போடு என்றார் அவர். போட்டாள். அம்மா, நாந்தானுங். சாப்ட்டீங்களா? இடுப்பு வலி தேவலைங்களா? அம்மா மில் வாசலில் நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், பின்னால் சங்கு ஊதியது. அப்புறம் கணினியில் அம்மாவை எடுத்துவிட்டார்கள். அம்மா பேசின இடமெல்லாம் இரண்டிரண்டு நொடி மௌனமாயிற்று, அந்த மௌனத்தை மூடிவிடலாம் என்றான் ஒலிப்பதிவுக்காரன், வேண்டாம், அப்படியே இருக்கட்டும், கேட்கிறவங்க பதில் சொல்ல இடம் வேணுமில்ல என்று சொன்னதும் லோகேஸ்வரிதான், அவளேதான், யாரும் கேட்காமல். மொத்தம் இருபத்தெட்டு நொடி. பத்தொன்பது நொடி அவள், கடைசி ஒன்பது நொடி கடையின் பெயர், முகவரி, ஆண் குரல். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டுமென்று தோன்றவில்லை என்பது பொய், தோன்றியது, வாய் வரவில்லை.

முதல் போன் முன் சீட்டில் அடித்தது. மல்லிகைச்சரத்தைப் பிரித்துக் கொண்டைக்கு வைத்துக்கொண்டிருந்த பெண் ஒரு கையால் போனை எடுத்தாள், லோகேஸ்வரிக்கு உடம்பெல்லாம் காது. "சொல்லு கண்ணு… ம், ஆச்சு… யாரு?" பிறகு போனை முறைத்துப் பார்த்து, "அட கருமமே, வெளம்பரம்! என்ற புள்ளயாட்டவே பேசறா!" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள். லோகேஸ்வரியும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள், அது நான்தான் என்று அந்தத் தோளைத் தட்டிச் சொல்ல வேண்டும்போல் கை துறுதுறுத்தது. அடுத்தது டிரைவருக்குப் பின்னால். அடுத்தது எங்கோ கடைசி சீட்டில், அங்கே ஓர் ஆண், "அம்மா ஊட்ல இருக்குது, நீ யாரம்மிணி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாலாவது. பஸ்ஸுக்குள் நாலு மூலையில் தன் குரல் மெலிசாக, டப்பாவுக்குள் அடைத்த மாதிரி, அம்மா என்று கூப்பிடுவதையும், நாலு பேர் அதற்குப் பதில் சொல்லுவதையும் கேட்டபோது சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தன் குரல் தனக்கு வெளியிலிருந்து வந்தால் யாருக்குமே பிடிக்காது, அது எல்லாருக்கும் அப்படித்தான் என்று படித்திருக்கிறாள். ஆனால் இது பிடிக்காதது இல்லை. வீட்டை விட்டுக் கிளம்புகிறபோது தன் செருப்பை யாரோ போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று தெரிந்தால் வருமே, அது. போன செருப்பு எந்தத் தெருவில் நடக்கிறதோ. சரவணம்பட்டி சிக்னலில் பஸ் நின்றது, வெளியே மருந்துக்கடைப் பெண் ஒருத்தி போனைக் காதில் வைத்து, கண்ணை மூடி, ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், அவளும்தானா, இல்லை, அவள் அவளுடைய மகளிடமே பேசிக்கொண்டிருக்கலாம், நாட்டில் மகள்கள் நிஜமாகவும் போன் செய்வார்கள், எல்லாமே நான்தான் என்று ஏன் நினைக்கிறேன். அப்போதுதான் பக்கத்து மடியில் பட்டன் போன் அதிர்ந்தது.

துளசிமணி எண்ணைப் பார்க்கவில்லை, பச்சைப் பட்டனை அமுக்கிக் காதில் வைத்தாள். அந்தப் போனில் சத்தம் வெளியே நன்றாகவே கேட்டது. அம்மா, நாந்தானுங். துளசிமணியின் மடியிலிருந்த பை சரிந்து காலடியில் விழுந்தது, தக்காளி ஒன்று உருண்டு சீட்டுக்கடியில் போயிற்று, அவள் குனியவில்லை. ஒன்று, இரண்டு. "சாமி?" என்றாள், பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. சாப்ட்டீங்களா? "நான் தின்னது கெடக்குது, நீ எங்க இருக்கற? மூணு வருசமாச்சு சாமி. மூணு வருசம்." இடுப்பு வலி தேவலைங்களா? அந்த இடத்தில் துளசிமணி சிரித்தாள், அழுகையும் அதிலேயே இருந்தது, "ஞாபகம் வெச்சிருக்கறயே" என்றாள். யாருக்குத்தான் ஐம்பது வயதில் இடுப்பு வலி இல்லை, அதனால்தானே அதைப் போட்டோம், நூற்றுக்கு எழுபது பேருக்கு உண்டு என்று தாளில் அச்சடித்து வைத்திருந்தார்கள். அடுத்து கிரைண்டர் கல் வரும், வந்தது, அந்தப் பழைய கல்லையே இன்னும் தூக்கிட்டு இருக்காதீங்மா. அடுத்து ஆண் குரல். இப்போது தெரிந்துவிடும், திட்டுவாள், வைத்துவிடுவாள், வைத்துவிடு அம்மா, தயவுசெய்து. ஆண் குரல் கடையின் பெயரைச் சொல்லத் தொடங்கியதும் துளசிமணி போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கி, முகம் சுளித்து, மறுபடி ஒட்டவைத்துக்கொண்டு, "நடுவால எவனோ பேசறான் சாமி, லைன் கொழம்பிப்போச்சு, நீ வெச்சராத" என்றாள். இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு. முடிந்தது. "ம்" என்றாள் துளசிமணி. கொஞ்ச நேரம் கேட்டாள். "ம்… அப்பறம்?"

இருபத்தெட்டு நொடிக்குமேல் அந்தப் பதிவில் ஒன்றும் கிடையாது. லோகேஸ்வரிக்கு அது பாராமல் சொல்லத் தெரியும், மூச்சு வாங்கும் இடம்கூடத் தெரியும். நாற்பது நொடி, ஐம்பது. துளசிமணி பேசினாள், நிறுத்தினாள், கேட்டாள், தலையாட்டினாள். நிறுத்தல் ஒவ்வொன்றும் இரண்டு நொடிதான். ஒவ்வொன்றும். அதை லோகேஸ்வரி வேண்டாவெறுப்பாக எண்ணிக்கொண்டேயிருந்தாள், எண்ணாமல் இருக்க முடியவில்லை. "உங்கப்பன் இப்ப வெய்யறதில்ல சாமி, வாயே தொறக்கறதில்ல… ம்… இல்ல, அது நான் பாத்துக்கறன்… அவனையும் கூட்டிட்டு வா, எந்தச் சாதியா இருந்தா என்ன, சோறு போடமாட்டனா…" ஓடிப்போன பெண். மூன்று வருஷம். கேட்காமல் இருக்கலாமென்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், கீரணத்தம் பிரிவு, கட்டடம், கட்டடம், சோளத்தட்டு ஏற்றிய வண்டி, அதையெல்லாம் பார்த்தும் காது இந்தப் பக்கமே இருந்தது. துளசிமணி போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள். மாற்றுகிறபோது திரை லோகேஸ்வரியின் கண்ணுக்கு நேராக வந்து போயிற்று. திரையில் மணி ஐந்து நாற்பது என்று மட்டும் இருந்தது. அழைப்பு எதுவும் இல்லை. யாரும் அங்கே இல்லை. பயம் என்றால் இதுதான் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது, பேய்க்கதையில் வருவதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. அவளுடைய இரண்டு நொடி மௌனத்துக்குள் அந்த அம்மா குடிபோய்விட்டாள். சொல்லிவிடவேண்டும். என்னவென்று சொல்வது? வாயைத் திறந்தால் அதே குரல் வரும். அதை நினைத்ததும் உதடு ஒட்டிக்கொண்டது. கண்டக்டர் கம்பியைத் தட்டிக்கொண்டு வந்து, "கோவில்பாளையமாம்மிணி?" என்றார், தலையை ஆட்டினாள். முன் சீட்டுப் பெண் திரும்பி, "ஜன்னலக் கொஞ்சம் சாத்தும்மா, காத்தடிக்குது" என்றாள், சாத்தினாள். தண்ணீர் குடித்தாள், புரையேறியது, இருமலைக்கூட அடக்கிக்கொண்டாள், இருமலிலும் குரல் இருக்குமே.

அம்மா கூப்பிட்டாள். அவளுடைய சொந்த அம்மா, கையிலிருந்த கைபேசியில், அம்மா என்ற பெயரோடு. இந்நேரத்துக்கு அம்மா கூப்பிடவே மாட்டாள், இது ஷிப்ட் நேரம், அப்படியென்றால் ஏன், அப்படியென்றால் அம்மாவின் எண்ணும் அந்த நாற்பதாயிரத்தில் இருந்திருக்கிறது. இந்த மாவட்டத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள், பட்டியல் எங்கிருந்தோ விலைக்கு வந்தது, அம்மாவுக்கு நாற்பத்தாறு. அம்மாவிடம் அந்தக் குரல் பேசியிருக்கிறது. அம்மா பதில் சொல்லியிருக்கிறாள், சாப்ட்டேன் சாமி, தேவலை சாமி, அன்றைக்குச் சொன்ன அதே பதில்களை, எடுத்து எறிந்த அதே இடங்களில். இப்போது அது எந்த லோகேஸ்வரி என்று கேட்கக் கூப்பிடுகிறாள். இல்லை, சும்மா கூப்பிடலாம். தயிர் வாங்கிவரச் சொல்லக் கூப்பிடலாம். எடுத்தால் பேச வேண்டும், பேசினால் பக்கத்திலிருக்கிறவள் கேட்டுவிடுவாள். விரல் தானாகச் சிவப்பை அமுக்கியது. அம்மாவின் போனை அவள் இதுவரை வைத்ததேயில்லை, எங்கம்மா வைக்கவே மாட்டாங்க என்று பெருமையடித்தவள் அவள். உடனே நிவேதன் சாரிடமிருந்து செய்தி. 'லோகா, நூற்றுக்கு ஒன்பது பேர்தான் பாதியில் போனை வைத்துவிட்டார்கள்! இந்தக் கம்பெனியிலேயே இதுவரை இல்லாதது. எண்ணூறு பேர் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாளைக்கும் இதே நேரத்துக்கு இரண்டாவது பதிவு: அம்மா, நேற்றுப் பேசினேனே, பாதியில் கட் ஆயிடுச்சு. உன் கடிதத்துக்கு மேலிடத்தில் சொல்லிவிட்டேன்.' கடிதம். அந்த வார்த்தையைப் பார்த்ததும் மனசு ஒரு கணம் துள்ளத்தான் செய்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, துள்ளியது, அம்மா மில் வாசலிலிருந்து திரும்பி நடந்து வருவது தெரிந்தது. பிறகு எண்ணூறு பேர் என்பதைப் படித்தாள். எண்ணூறு பேர் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள், கிரைண்டர் வாங்கவா? பக்கத்தில், "நாளைக்கும் இதே நேரத்துக்குக் கூப்பிடுவயா சாமி? நெசமா?" என்று துளசிமணி கேட்டுக்கொண்டிருந்தாள்.

இது தற்செயல், நான் இப்போதுதான் படித்தேன், அவளுக்கு எப்படித் தெரியும், தெரியாது, யாரும் யாரிடமும் கேட்கிற கேள்விதான் இது என்று லோகேஸ்வரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'சார், நிறுத்திவிடுங்கள். இரண்டாவது நான் பேசமாட்டேன்' என்று அடித்தாள். அழித்தாள். அழித்ததற்கு வெட்கப்பட்டாள். அம்மாவின் இடுப்பு நினைவுக்கு வந்தது, பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற அந்த உட்காரல். ஒரு கடிதம் வந்தால் அது நிற்கும். ஒரு கடிதத்துக்காகப் பெற்றவளை எடுத்து எறிந்தவள்தானே நீ, இன்னும் ஒரு தடவை எறிவதில் என்ன. மறுபடி அடித்தாள், இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டாள். வேலைக் கடிதம் கைவிட்டுப் போயிற்று என்று நினைத்தாள், அது ஓர் எடை இறங்கின மாதிரிகூட இருந்தது. பதில் வர அரை நிமிஷம் ஆகவில்லை. 'ஐயோ, நீ வந்து பேச வேண்டியதே இல்லை. அந்தப் பதினாலு தடவை பேசினாயே, அது போதும், இனி எதை எழுதிப் போட்டாலும் கணினியே உன் குரலில் சொல்லிவிடும். சேர்ந்த அன்றைக்கே அதற்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பயப்படாதே, கடிதம் உனக்குத்தான்.' அவள் இரண்டு தடவை படித்தாள். திட்டியிருந்தால்கூட அழுதிருப்பாள். வேண்டாம் என்று சொன்னதுகூட வேண்டியிருக்கவில்லை, அவளே வேண்டியிருக்கவில்லை, நாளைக்கு அவள் காய்ச்சலில் படுத்துக்கிடந்தாலும், செத்தே போனாலும், ஐந்தே காலுக்கு நாற்பதாயிரம் பேரை அம்மா என்று கூப்பிடுவாள். அதைத் தடுக்க அவளால் ஆகாது. பக்கத்திலிருக்கிற ஒருத்தியிடம் சொல்ல ஆகும். ஒரே ஒருத்தியிடம். "குரும்பபாளையம் எறங்குங்க. அக்கா, போன அப்பறம் பேசிக்கலாம், எறங்குங்க" என்றார் கண்டக்டர்.

துளசிமணி பையை எடுத்துக்கொண்டு, போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கியபடி இறங்கினாள். லோகேஸ்வரி சீட்டுக்கடியிலிருந்து அந்தத் தக்காளியை எடுத்தாள், ஏன் எடுத்தாள் என்று கேட்டால் தெரியாது, ஏதாவது ஒன்றைக் கொடுக்கிற சாக்கில் பேசலாம் என்று இருக்கலாம். அவள் ஊர் இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி. இறங்கிவிட்டாள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. சாலையோரம் முன்னால் துளசிமணி போய்க்கொண்டிருந்தாள், நின்று நின்று பேசிக்கொண்டு. நாலு எட்டில் பிடித்துவிடலாம். அக்கா என்று கூப்பிட்டுக்கொள்ளலாம், அம்மா என்று வேண்டாம், அது போதும், மெதுவாக, குரலைக் கொஞ்சம் கட்டையாக வைத்துக்கொண்டு. "ஏனுங்க்கா, ஒரு நிமிசம் நில்லுங்க" என்றாள்.

துளசிமணி திரும்பினாள். அவள் முகத்தில் திடுக்கிடல் துளியும் இல்லை. காதிலிருந்த போனை எடுத்து, அணைக்க ஒன்றும் இல்லாத போனை ஒரு பட்டனை அமுக்கி அணைத்து, பையில் போட்டாள். "ஏஞ்சாமி," என்றாள், "இத்தன நேரம் பக்கத்துலயே உக்காந்துட்டு வந்து, வாயே தொறக்கலியே நீ?" லோகேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். நான் உங்க பொண்ணு இல்லைங்க, என் பேரு லோகேஸ்வரிங்க, எங்கம்மா மில்லுக்குப் போறாங்க, அது விளம்பரங்க, கிரைண்டர் விளம்பரம், நான் ஆபீஸ்ல பேசி வெச்சது, மெத்தை சாத்தின ரூம்ல, நாப்பதாயிரம் பேருக்குப் போச்சுங்க, நாளைக்கும் வரும், எடுக்காதீங்க, அது நான்கூட இல்லைங்க. மூச்சு விடாமல் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை, வாழ்க்கையில் இவ்வளவு உண்மையாக அவள் யாரிடமும் பேசியதில்லை. துளசிமணி கண் கொட்டாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு, இரண்டிரண்டு வார்த்தைக்கு ஒருமுறை ம், ம் என்று கேட்டாள். சொல்லி முடித்ததும் தக்காளியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, லோகேஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இறுக்கமாக இல்லை, உதறியிருக்கலாம். "கொரல் கொஞ்சம் கட்டியிருக்குது உனக்கு" என்றாள் துளசிமணி. "ஊட்டுக்கு வா, சுக்குத்தண்ணி வெச்சுத் தாரேன். இன்னும் சொல்லு." லோகேஸ்வரி மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இருவரும் நடந்துகொண்டிருந்தார்கள்.